நடைப் போட்டிக்காரி

ஓட்டப்பந்தயத்தில் நான் கடைசியாகத்தான் வருவேன். தென்காசியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் விளையாட்டு விழா நடக்கும்போது, நான் கோட்டைத் தொட்ட பிறகுதான் முடிவுக் கயிற்றைச் சுருட்டுவார்கள். சில வருடம் நான் வருவதற்கு முன்பே சுருட்டிவிடுவார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட என்னை எண்பதுகளின் நடுவில் ஒருநாள் எங்கள் பி.டி. டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"பாளையங்கோட்டைல மாவட்டப் போட்டி நடக்குது. நீ வாறியா?"

"டீச்சர், நான் எங்க ஓட?"

"ஓட வேண்டாம்ட்டி. நடக்கணும். நடைப் போட்டின்னு ஒண்ணு பொம்பளப் பிள்ளைகளுக்கும் வச்சிருக்கான். இதுவரைக்கும் ரெண்டு பேருதான் பேரு குடுத்திருக்காளாம். மெடலு மூணு இருக்கு. நீ போய்ச் சேந்தாப் போதும்."

டீச்சருக்கும் அந்தப் போட்டியைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் பிரித்து, எனக்கும் தனக்குமாகச் சேர்த்து வாசித்தார். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். ஊன்றுகிற காலின் முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டால் அது ஓட்டம். முதலில் எச்சரிப்பார்கள், பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"இவ்வளவுதானா டீச்சர்?"

"இவ்வளவுதான் போட்டிருக்கான். பிறந்ததுலேருந்து நடக்கத்தானே செய்யுத?"

வீட்டில் அம்மாவிடம் அனுமதி வாங்குவதும் எளிதாக முடிந்தது. வயதுக்கு வந்த பெண் ஆட்கள் பார்க்க ஓடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடக் கூடாது. இந்தப் போட்டியிலோ ஓடினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல வெளையாட்டால்லா இருக்கு. யாரு கண்டுபிடிச்சானோ, மகராசன்."

அப்பா ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்று நாள் முழுவதும் போய்ப் போய் வருகிற வண்டி. அப்பாவுக்கு மெடல் பற்றியெல்லாம் எண்ணமில்லை. பாளையங்கோட்டை போகிற வண்டிக் கண்டக்டரிடம் சொல்லி எனக்கு ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்.

போட்டியில் மற்ற இரண்டு பேரும் விசில் ஊதியதும் பாய்ந்து போனார்கள். தொப்பி வைத்த ஒரு நடுவர் அவர்கள் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடினார். நான் கோவிலைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி மைதானத்துக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி அவளுக்குப் பக்கத்தில் நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஓடியதாகச் சொல்லி வெளியேற்றப்பட்டிருந்தார்கள். நான் மட்டும் ஓடவில்லை. எனக்கு ஓட வராது என்பது நடுவருக்குத் தெரியாது. என் ஒழுக்கத்தைப் பாராட்டிக் கைகொடுத்தார்.

இப்படியாக நான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். ஒற்றை ஆளாக மேடையில் நின்று மாலை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வினை. மாநிலப் போட்டிக்கு முறையாகப் பழக வேண்டும் என்றார் டீச்சர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தை எங்கிருந்தோ கிழித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு பெண் கையை மடக்கி, இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பி, முகத்தைக் கல்லுபோல வைத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து நானும் டீச்சரும் அந்த நடையைப் பிடித்தோம். படம் அசையாது என்பதால், அடுத்த காலை எப்படி வைக்க வேண்டும் என்பதை நாங்களாகவே யூகித்துக்கொண்டோம்.

பழகுவதற்கு மைதானம் போதவில்லை. தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் வரைக்கும் தார் ரோட்டில் காலையில் நடக்கத் தொடங்கினேன். பாவாடைக்கு உள்ளே ஒரு காக்கிக் கால்சட்டை. அப்பாவின் பழைய யூனிஃபாரத்தை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்தது. மேலகரம் தாண்டியதும் பாவாடையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் மாட்டிக்கொள்வேன்.

அந்த நடையைப் பார்த்தவர்கள் யாரும் அதை விளையாட்டு என்று நினைக்கவில்லை. எனக்கு ஏதோ அவசரம் என்றுதான் நினைத்தார்கள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, இங்கன வா, வீட்டுக்குப் பொறத்தால கக்கூசு இருக்கு, வெக்கப்படாம போயிட்டு வா" என்று கூப்பிட்டாள். நான் நிற்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போதும் ஆச்சி அங்கேயே நின்றாள். "என்னட்டி, ஆயிட்டா?" என்று கேட்டாள். "ஆயிட்டு ஆச்சி" என்று சொல்லித் தப்பித்தேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டாள்.

அப்பாவின் முதல் டிரிப்பும் நான் நடக்கிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. டிரைவர் அண்ணாச்சி பெரிய மீசைக்காரர். என்னைக் கண்டதும் ஹாரன் அடித்து, வண்டியை என் வேகத்துக்குக் குறைத்து, பக்கத்திலேயே ஓட்டி வருவார். ஜன்னல் வழியாக எல்லாத் தலையும் வெளியே நீளும்.

"ஏ கண்டக்டர், உம்ம மகளுக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. போட்டிக்கு நடக்குதா."

"என்ன போட்டி?"

"நடக்குத போட்டிதான்."

"நடக்குததுல என்ன போட்டி ஓய்? அப்ப நானும் போட்டிலதான் இருக்கேன். எங்க ஊருக்கு வண்டியே கிடையாது."

மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் பஸ் முந்துமா நான் முந்துவேனா என்று வண்டிக்குள் பந்தயம் கட்டுகிற அளவுக்குப் போனது. நிறுத்தங்களில் ஆள் ஏறி இறங்குகிற நேரத்தில் நான் முந்திவிடுவேன். சாரல் சீசனில் அருவிக்கு வந்த கூட்டம் ஏறி இறங்கி முடியாது, அப்போது நான்தான் ஜெயிப்பேன். என்மேல் கட்டியவர்கள், "கண்டக்டர், மெதுவா டிக்கெட் போடும்" என்று கெஞ்சுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், "ரைட் குடுமய்யா, ரைட் குடும்" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அப்பா நடுநிலையாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்து, "ஓடிராத! நட! நட!" என்று மட்டும் சொல்வார்.

நான் வேகமாக நடக்கப் பழகியது அந்தப் படத்தைப் பார்த்தல்ல. குற்றாலத்துக் குரங்குகளால்தான்.

ஒருநாள் மெயின் அருவிக்குப் போகிற வழியில், கக்கத்தில் இருந்த பாவாடை மடிப்பைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று நினைத்து ஒரு தடிக் குரங்கு என் பின்னால் வந்தது. ஓடினால் அது விரட்டிக் கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நின்றால் பிடுங்கிவிடும். பிடுங்கிவிட்டால் காக்கிக் கால்சட்டையோடு தென்காசி வரைக்கும் திரும்ப வேண்டும். ஆகவே நடந்தேன். என் வாழ்க்கையில் அதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. முழங்கால் மடங்கவில்லை, கால் தரையை விடவில்லை, இடுப்பு தானாகத் திரும்பியது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், "பாப்பா, போடு, போடு! பின்னால வருதான்!" என்று குரங்கையும் ஓர் ஆளாக மதித்து உற்சாகப்படுத்தினார். பாறை முக்கு வரைக்கும் வந்த குரங்கு, அங்கே ஒரு குடும்பம் பிரித்து வைத்திருந்த புளிசாதத்தைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டது.

இதை டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் யோசித்தார். "வாரத்துல ரெண்டு நாளு குரங்கு இருக்க எடத்துல நட" என்றார்.

இதற்கிடையில் அம்மா என் நடையைப் பார்த்துவிட்டாள். அதுவரை நான் சாதாரணமாக நடப்பதாகத்தான் நினைத்திருந்தாள். காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், ஜன்னல் வழியாக எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்களே என்று தானும் எட்டிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள்.

"என்னட்டி அது, இடுப்ப அந்த ஆட்டு ஆட்டுத?"

"ஆட்டலைம்மா, திருப்புதேன். அப்பத்தான் கால் எட்டிப் போவும்."

"ஒருத்தன் கட்ட வருவானா? இதுக்கு ஓடித் தொலைச்சிருக்கலாமேட்டி!"

"ஓடுனா வெளிய அனுப்பிருவாங்க."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஓட்டத்தைத் தடுத்த சட்டமே தன் கையைக் கட்டிவிட்டது அவளுக்குப் புரிந்தது. மகராசன் என்று வாழ்த்திய அந்த ஆளை அன்றைக்கு வேறு வார்த்தையில் திட்டினாள்.

மாநிலப் போட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் ஓடியதாக வெளியேற்றப்பட்டார்கள். ஒருத்தி சுற்றுக் கணக்கைத் தவறாக எண்ணி, ஒரு சுற்று முன்னாலேயே முடித்துக்கொண்டு எலுமிச்சை ஜூஸ் குடிக்கப் போய்விட்டாள். நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்த பெண்ணுக்கு அடுத்த மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. தேசிய அளவிலான ஜூனியர் போட்டிக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே நான் நேர்மையாக மூன்றாவதாக வந்தேன். குரங்கு இல்லாமலே நன்றாக நடந்தேன் என்றுதான் சொல்வேன். முதலாவதாக வந்த அக்கா நல்ல உயரம், நல்ல நடை. பரிசு வாங்கப் போகும்போது கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை தத்தித் தத்தி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு "மம்மி" என்றது. ஜூனியர் பிரிவு என்பதால் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் அக்கா குழந்தை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். குழந்தை ஒத்துழைக்கவில்லை.

அந்தக் குழந்தை புண்ணியத்தில் நான் இரண்டாவதாக ஆனேன். டெல்லியில் பல நாட்டு ஜூனியர்கள் கலந்துகொள்ளும் போட்டி வந்தது. நம் நாட்டுக்கு நடையில் இரண்டு இடம். ஓடத் தெரியாத நான் இந்தியாவுக்காக நடக்கப் போனேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இந்தச் செய்தி பரவியதும், அப்பாவிடம் டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லாம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடத் தொடங்கினார்கள். பஸ் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "மகள ஒத்தைல அனுப்பாதீரும், நீரும் போயிட்டு வாரும்" என்று லீவு கொடுத்தார். அப்பா மதுரைக்கு வடக்கே போனதில்லை. பச்சை மஃப்ளரும், கழுத்தில் விசிலும், தூக்குச்சட்டியில் முறுக்கும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். விசில் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்ட்டி. கழுத்துல இல்லன்னா என்னமோ சட்டை போடாத மாதிரி இருக்கு" என்றார்.

டெல்லியில் எங்களுக்கு நீல நிறத்தில் டிராக் சூட் கொடுத்தார்கள். முதல் முறையாகக் காக்கியை விட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் சீனப் பெண்கள், ஜப்பான் பெண்கள், இன்னும் ஊர் தெரியாத பலர் இருந்தார்கள். எல்லோரும் என்னைவிட ஒல்லியாக இருந்தார்கள். தட்டில் முட்டையும் வாழைப்பழமும் வைத்தார்கள். வாழைப்பழத்தைக் கையில் எடுத்ததும் என் கண் தன்னால் கூரையைப் பார்த்தது. இங்கே குரங்கு வராது என்று நம்ப இரண்டு நாள் ஆனது.

எங்கள் அறைக்கு அடுத்த அறையில் ஒரு தீவு நாட்டுப் பெண் இருந்தாள். அவளும் நடைப் போட்டிதான். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவள் தன் நெஞ்சைத் தொட்டு "லாஸ்ட்" என்றாள். நான் என் நெஞ்சைத் தொட்டு "மீ லாஸ்ட்" என்றேன். இல்லை இல்லை, நான்தான் கடைசி என்று இரண்டு பேரும் மரியாதைக்காகச் சண்டை போட்டோம். அப்பா கொண்டுவந்த முறுக்கில் பாதி அவளுக்குப் போனது.

போட்டி நாளன்று அப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முன் வரிசைக்கே வந்துவிட்டார். விசிலை டீம் மேனேஜர் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார். அப்பா ஏதோ ஒரு பழக்கத்தில் ஊதி, நூறு மீட்டர் ஓட்டக்காரர்கள் இருவர் புறப்பட்டுவிட்டார்களாம்.

துப்பாக்கி வெடித்தது. சீனப் பெண்கள் போன வேகத்தை என்ன சொல்ல? இரண்டு சுற்று முடிவதற்குள் அவர்கள் முதுகு கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு திடீரென்று அதே முதுகு எனக்கு முன்னால் வந்தது. எப்படி மெதுவானார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். அவர்கள் மெதுவாகவில்லை, என்னை ஒரு சுற்று முந்தியிருந்தார்கள். பாதி தூரத்துக்கு மேல் நானும் தீவுப் பெண்ணும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஓரத்தில் கையில் பிடி வைத்த வட்ட அட்டைகளோடு நடுவர்கள் நின்றார்கள். வெள்ளை என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் வெளியே. எனக்கு யாரும் வெள்ளைகூடக் காட்டவில்லை. வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர், குனிந்து என் காலையே பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. அடுத்த போட்டிக்கு நேரமாகிவிட்டது என்று தடை ஓட்டத்துக்கான தடுப்புகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து ஓரமாக நின்றார்கள். கடைசிச் சுற்றில் கூட்டம் முழுவதும் எழுந்து எங்களுக்காகக் கைதட்டியது. கடைசியில் வருகிறவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் கைதட்டுவார்கள். எனக்கு அது தெரியாது. அவ்வளவு சத்தத்தை நான் அருவியில்தான் கேட்டிருந்தேன். தீவுப் பெண் ஒரு அடி முந்தினாள். நான் ஒரு அடி முந்தினேன். கோடு எதிரே தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தையெல்லாம் தாண்டி, செங்கோட்டை ரோட்டில் லாரிக்காரர்களோடு வழிக்காக மல்லுக்கட்டிப் பழகிய அந்தக் குரல் கேட்டது.

"ஓடுட்டி! ஏட்டி, ஓடு! விட்டுராத, ஓடு!"

நான் ஓடினேன்.

யோசிக்கவே இல்லை. அப்பா சொன்னார், ஓடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தியை ஓடி முந்தினேன். இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப, பாவாடையும் இல்லாமல் கக்கத்தில் சுமையும் இல்லாமல் ஓடுவது எவ்வளவு சுகமாக இருந்தது! கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினேன். மூக்குக்கு நேராக ஒரு சிவப்பு அட்டை நின்றது. அதன் பின்னால் வெள்ளைத் தொப்பிப் பெரியவர் நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அழப்போகிறவர்போல இருந்தார்.

அப்பா தடுப்பைத் தாண்டி வந்துவிட்டார். கண்டக்டரை யார் தடுக்க முடியும்? நேராகப் பெரியவரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, அவ மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லிட்டேன். வாய் தவறிச் சொல்லிட்டேன். புட்போர்டுல தொங்குனவனக்கூட நான் நடுவழில எறக்கி விட்டதில்ல அய்யா. அவளும் வந்து சேந்துட்டா. கோட்டுக்கு வந்தவள எறக்கி விடலாமா?"

பெரியவர் எந்த நாட்டுக்காரரோ. ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை. தீவுப் பெண் என்னைக் கட்டிப் பிடித்து, என் நெஞ்சைத் தொட்டு, "நோ லாஸ்ட்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். வெளியேற்றப்பட்டவளுக்குக் கடைசி இடம்கூடக் கிடையாது.

அன்று சாயங்காலம் அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. "இத்தன வருசமா நட நடன்னு சொன்ன வாயி" என்று தன் வாயையே தட்டிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. ஓடிய சுகம் எனக்கு இன்னும் காலில் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தபால் ஆபீஸில் டிரங்க் கால் போட்டார். பஸ் கம்பெனி ஆபீஸில் டிரைவர் அண்ணாச்சி எடுத்தார். லைனில் கொதிக்கிற எண்ணெய்போல இரைச்சல். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, போச்சு! ரெட் கார்டு!"

"என்னது?"

"ரெட் கார்டு! ரெட் கார்டு காட்டிட்டான்!"

"ரெக்கார்டா?"

"ஆமாய்யா, ரெட் கார்டு!"

அந்தப் பக்கத்தில் ஏதோ பெரிய சத்தம் கேட்டு, லைன் அறுந்தது. "ரொம்ப வருத்தப்படுதாரு போல. கூப்பாடு போடுதாரு" என்றார் அப்பா.

சென்னை வந்து, செங்கோட்டைப் பக்கம் போகிற ரயில் ஏறி, காலையில் தென்காசியில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே அப்பாவின் பஸ் நின்றது. முன்னால் வாழை மரம் கட்டியிருந்தது. பக்கவாட்டில் நீளமான வெள்ளைத் துணி. அதில் சிவப்பு மையில், 'ஒலக ரெக்கார்டு வீராங்கனையே வருக' என்று எழுதியிருந்தது. உலகத்தை ஒலகமாக்கியது டிரைவர் அண்ணாச்சியின் கை. இரண்டு மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த பயணிகள், "செங்கோட்டைக்கு நேரமாச்சு, சீக்கிரம் மாலையப் போட்டுட்டு வண்டிய எடுங்கய்யா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "என்னட்டி இது?" என்றார். துணியை இன்னொரு தடவை வாசித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

டிரைவர் அண்ணாச்சியை ஒதுக்கிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார். "இப்ப எதுக்கு அதெல்லாம்? மாலை வாடிரும். மொதல்ல போட்டுக்கோ" என்றார்.

முதலாளி மைக்கைப் பிடித்து, குற்றாலத்துத் தண்ணீரின் மகிமை, தென்காசி மண்ணின் வீரம், தன் கம்பெனியின் நேரம் தவறாமை என்று பேசி முடித்து மைக்கை என் கையில் கொடுத்தார். கூட்டம் அடங்கியது. அம்மா முன்னால் புதுச் சேலையில் நின்றாள். ஆய்க்குடியிலிருந்து வந்த மாமா வீட்டார் எல்லாரும் நின்றார்கள்.

"ரெக்கார்டு இல்ல" என்றேன். "ரெட் கார்டு."

எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

முதலாளி அப்பாவிடம் குனிந்து கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டதும் மைக்கில் விழுந்தது. "ரெட் கார்டுன்னா அது எத்தனாவது பரிசு?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "எத்தனாவதுன்னு இல்ல மொதலாளி. அது ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தான். மத்த எந்த நாட்டுக்காரிக்கும் கெடைக்கல."

மறுபடியும் கைதட்டல். மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்துவிட்டார்கள். அப்போது பஸ் படிக்கட்டில் நின்ற செங்கோட்டைப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போய்க் கால்பந்து ஆடுகிறவன். "மொதலாளி, அது பரிசு இல்ல. தப்பு செஞ்சவன வெளிய போன்னு சொல்லுத அட்டை!"

மேளம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி மாலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார். "என்ன தப்பு செஞ்ச தாயி?"

"நடக்கச் சொன்ன எடத்துல ஓடிட்டேன்."

"ஓடுனியா? வேகமாவா?"

"ஆமா."

"யாரையும் முந்துனியா?"

"ஒருத்திய முந்துனேன்."

"வெளிநாட்டுக்காரியவா?"

"ஆமா."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், வாழை மரத்தைப் பார்த்தார். "அப்பொறம் என்ன? மேளத்த அடிங்கலே!" என்று மாலையை என் கழுத்தில் போட்டார். பயணிகளில் ஒருவர் ஜன்னல் வழியாக, "அந்தப் பிள்ள என்னைக்கு ஓடுச்சு? நம்ம பஸ்ஸோட நடக்கத்தானே செய்யும்? ஓடிட்டுன்னா அதுவே ரெக்கார்டுதான்" என்றார். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அத்தன ஊருக்காரன் பாக்கவா ஓடுன?"

"அப்பாதான் ஓடச் சொன்னாக."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா மஃப்ளரை இன்னும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெல்லியிலிருந்து புறப்பட்டு அத்தனை மணி நேரம் கழித்து அப்பா அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு மூன்று தோசை சாப்பிட்டார்.

அடுத்த வருடம் எனக்கு ஜூனியர் வயது தாண்டிவிட்டது. டீச்சரும் மாற்றலாகி ஆலங்குளத்துக்குப் போய்விட்டார். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். அந்த வெள்ளைத் துணியை டிரைவர் அண்ணாச்சி வீணாக்கவில்லை. மழை சீசனில் பஸ் மேலே ஏற்றுகிற மூட்டைகளுக்குப் போர்த்துவதற்கு வைத்துக்கொண்டார். மடித்துக் கட்டும்போது பாதி எழுத்துதான் வெளியே தெரியும். சாரலில் நனைந்து 'ஒலக' என்பது முதலில் அழிந்தது. 'வருக' மட்டும் ரொம்ப நாள் சிவப்பாகவே இருந்தது.